வகுப்பில் மாஸ்க் விதி கொண்டுவருவது எப்படி? தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் பாடம் நடத்த வரும் நம்மவர்களுக்கு

2023 ஜூலை. இரண்டாம் செமஸ்டரின் முதல் டியூட்டோரியல் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாணவர் மட்டும் என் மேசையருகே நின்றார். அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை நோய் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடும். அறையில் நாற்பது பேர், இங்கே ஜூலை குளிர்காலம், ஆளாளுக்கு இருமல். "எல்லாரையும் மாஸ்க் போடச் சொல்வீர்களா?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

நான் சொன்னது முறையான விதியாக மாற ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் அவர் வகுப்புக்கு வரவில்லை. எங்கள் செமஸ்டரே பதின்மூன்று வாரம்தான். அடுத்த ஆண்டு இன்னொரு குழுவுக்கு இதே வேலையைப் பத்து வேலை நாளில் முடித்தேன். இடையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு ஆய்வு மாணவராக வந்து, வந்த மாதமே டியூட்டர், டெமான்ஸ்ட்ரேட்டர், ஒப்பந்த விரிவுரையாளர் என்று ஏதாவது ஒரு வகுப்பு கையில் விழுந்தவர்களுக்கு இது. அலுவலகங்களின் பெயர் பல்கலைக்குப் பல்கலை மாறும். வேலை நடக்கும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்.

1. "சட்டப்படி கட்டாயம்" என்று தொடங்காதீர்கள்

நான் செய்த முதல் தவறு இது. கொரோனா காலத்துப் பழக்கத்தில், மாஸ்க் போடுவது சட்டம் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் அந்த விதி 2022 ஜூன் 22-ஆம் தேதி நீக்கப்பட்டுவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி போனில் தேடி அந்தத் தேதியை உரக்க வாசித்தார். அதற்குப் பிறகு அன்று நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

இப்போது துணைக்கு வருவது வேறு சட்டம். 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் சட்டம், அதாவது பணியிட உடல்நலம், பாதுகாப்புச் சட்டம். முழுதும் படிக்க வேண்டாம், மூன்று பிரிவுகள் போதும். 8-ஆவது பிரிவின்படி, வேலை கொடுப்பவர் தன் ஊழியருக்கு நியாயமாக இயன்ற அளவு பாதுகாப்பான இடம் தர வேண்டும். 9-ஆவது பிரிவு அந்தக் கடமையை ஊழியர் அல்லாதவர்களுக்கும் நீட்டுகிறது. மாணவர்கள் இதற்குள்தான் வருகிறார்கள். 14-ஆவது பிரிவு உங்களுக்கானது: ஆபத்தான நிலை ஒன்று கண்ணில் பட்டால் அதைத் தெரிவிப்பது ஊழியரின் கடமை. சம்பளம் வாங்கும் டியூட்டரும் ஊழியர்தான். இதோடு, அபாயகரமான உயிரியல் காரணிகள் பற்றி 2022 மார்ச்சில் வந்த ஒழுங்குமுறையும் இருக்கிறது. காசநோய்க் கிருமி, கொரோனா வைரஸ் இரண்டையும் அது மூன்றாம் வகை ஆபத்தில் வைத்திருக்கிறது.

இவற்றில் எதுவும் "மாஸ்க் போடு" என்று சொல்லவில்லை. ஆபத்தை மதிப்பிடு, தக்க நடவடிக்கை எடு என்றுதான் சொல்கிறது. ஆகவே விதி பல்கலையிடமிருந்து வர வேண்டும், அதை வகுப்பில் நடத்திக் காட்டுவது உங்கள் வேலை. டியூட்டர் தன் வாயால் போடும் விதிக்கு இங்கே மதிப்பில்லை. மாணவருக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் தெரியாமல் இருக்கும்.

மருத்துவம், செவிலியர் பயிற்சி, நுண்ணுயிரியல் லேப் போன்ற இடங்களில் மாஸ்க் விதி லேப் கையேட்டிலேயே இருக்கும். நீங்கள் அங்கே போகிறவர் என்றால் நேராக 5-ஆம் படிக்குப் போய்விடலாம்.

2. கேட்டவரின் நோயை எழுத்தில் கொண்டுவராதீர்கள்

துறைத் தலைவருக்கு நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலில், "சிறுநீரக மாற்று செய்துகொண்ட மாணவர் ஒருவர்" என்று எழுதி நான்கு பேருக்கு நகல் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். ஆனால் அந்த மாணவர் என்னிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. நாற்பது பேர் வகுப்பில் அது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் மனம் புண்பட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே எல்லோரும் போப்பியா என்பார்கள். 2013-இன் சட்டம், 2021 ஜூலை 1 முதல் மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. உடல்நலத் தகவலுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. நோயின் பெயர், மருந்தின் பெயர், மருத்துவமனையின் பெயர் எதுவும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. வாட்ஸாப் குழுவில் அறவே கூடாது. "சுவாசத் தொற்று வந்தால் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடியவர் இந்தக் குழுவில் இருக்கிறார்" என்ற ஒரு வரி போதும்.

மாணவரை முதலில் மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், அவர் விரும்பினால் கூடவே போங்கள். டாக்டர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. நோயைச் சொல்லாமல், என்ன ஏற்பாடு தேவை என்பதை மட்டும் எழுதி அவர்கள் உங்களுக்கு ஒரு கடிதம் தருவார்கள். அதை வைத்துத்தான் மற்ற எல்லாம் நகரும். டாக்டர் கடிதம் கையில் இல்லாவிட்டால், அரசு மருத்துவமனை கிளினிக்கில் அடுத்த செக்கப் எப்போது என்று கேளுங்கள். அன்றே வாங்கிவிடலாம். அதுவரை பொறுக்க முடியாமல் தனியார் டாக்டரிடம் போன ஒருவருக்கு ஐந்நூறு ராண்டுக்கு மேல் ஆனது.

3. நான்கு தாள்கள்

முதல் தாள் மேலே சொன்ன அலுவலகத்தின் கடிதம்.

இரண்டாவது, நீங்கள் எழுதும் ஆபத்து அறிவிப்பு. அரைப் பக்கம் போதும். அறை எண், கிழமை, நேரம், எத்தனை பேர், எவ்வளவு நேரம் சேர்ந்து உட்காருகிறார்கள், ஜன்னல் எத்தனை, அவற்றில் திறக்கக்கூடியவை எத்தனை. கடைசியில், "85/1993 சட்டத்தின் 14-ஆவது பிரிவின் கீழ் இதைத் தெரிவிக்கிறேன்" என்ற வரியைச் சேருங்கள். முதல் ஆண்டு நான் அதை எழுதவில்லை. என் கடிதம் சாதாரண வேண்டுகோளாக நினைக்கப்பட்டு இன்பாக்ஸில் கிடந்தது. இரண்டாம் ஆண்டு எழுதினேன், மறுநாளே பதில் வந்தது.

இதை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது முக்கியம். துறைத் தலைவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் பார்க்கும்போதுதான் பார்ப்பார். உங்கள் கட்டடத்துக்கு ஊழியர்களிலிருந்தே ஒரு பாதுகாப்புப் பிரதிநிதி இருப்பார். இருபது ஊழியர்களுக்கு மேல் உள்ள பணியிடத்தில் இப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் கட்டடத்தில் அவர் பெயர் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஓர் ஆண்டு முழுக்க அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். ஆபத்தைச் சுட்டிக்காட்டி நிர்வாகத்திடம் முறையிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவருக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

மூன்றாவது, இடர் மதிப்பீட்டுப் படிவம். இது பாதுகாப்பு அலுவலகத்தின் படிவம், அவர்களே நிரப்புவார்கள். அறையைப் பார்க்க வரும்போது நீங்களும் கூட இருங்கள். காலி அறையைப் பார்த்துவிட்டு "காற்றோட்டம் நன்றாக இருக்கிறதே" என்று எழுதிவிட்டுப் போகக்கூடும். வகுப்பு நடக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள்.

நான்காவது தாள்தான் விதி. மாட்யூல் அவுட்லைன் என்னும் பாடத்திட்டத் தாளின் இணைப்பாக, துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு பக்கம். அதன் வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள், வேலை பாதியாகும். எந்த வகுப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வகை மாஸ்க், விலக்கு வேண்டுவோர் யாரிடம் போக வேண்டும், மறுத்தால் என்ன நடக்கும், முடிவில் உடன்பாடில்லை என்றால் யாரிடம் முறையிடலாம். இதில் கடைசி மூன்றும் என் முதல் வரைவில் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சரிதான். ஒருவரின் உரிமையைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் தக்க அறிவிப்பும் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம். பல்கலையும் அதற்கு உட்பட்டதுதான். நாளை முதல் மாஸ்க் என்று இன்று இரவு அறிவித்தால் அந்த விதி நிற்காது.

4. எத்தனை நாள் ஆகும்

எனக்கு இரண்டாம் முறை ஆன கணக்கு இது. முதல் நாள் மாணவரோடு அலுவலகம். மூன்றாம் நாள் அவர்கள் கடிதம் வந்தது, அன்றே ஆபத்து அறிவிப்பை அனுப்பினேன். ஐந்தாம் நாள் பாதுகாப்புப் பிரதிநிதி வகுப்புக்கு வந்து பார்த்தார். ஏழாம் நாள் கையெழுத்து. அன்று மாலையே மாணவர் இணையதளத்தில் ஏற்றி, வகுப்புப் பிரதிநிதியிடம் நேரில் சொன்னேன். பத்தாம் நாள் விதியோடு முதல் வகுப்பு.

வகுப்புப் பிரதிநிதியை விட்டுவிடாதீர்கள். அவர் மாணவர் பேரவையான எஸ்.ஆர்.சி.-யிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், பிறகு புகாராகப் போக வேண்டியது கேள்வியாக வந்து நிற்கும்.

நாள் தள்ளிப்போகும் இடங்கள் உண்டு. பிப்ரவரியில் பதிவு நடக்கும் வாரங்களில் எந்த அலுவலகமும் உங்களைக் கவனிக்காது. ஏப்ரல் கடைசியில் 27-ஆம் தேதி சுதந்திர தினம், மே 1 என்று அடுத்தடுத்து விடுமுறை. ஈஸ்டரும் சேர்ந்தால் ஒரு வாரத்தை மறந்துவிடலாம். அப்புறம், இந்த ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்ளுங்கள். "ஜஸ்ட் நவ் அனுப்புகிறேன்" என்றால் இப்போதே என்று அர்த்தமில்லை. இன்றைக்கோ, நாளைக்கோ, எப்போதாவது. "நவ் நவ்" என்றால் சற்று நேரத்தில். முதல் ஆண்டு ஒரு "ஜஸ்ட் நவ்"வை நம்பி எட்டு நாள் காத்திருந்தேன். தேதி கேட்டு வாங்குங்கள், அன்று நேரில் போய் நில்லுங்கள்.

5. மாஸ்க் வாங்குவது

மாணவர்களையே கொண்டுவரச் சொன்னால் விதி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். சிலருக்கு மறந்துபோகும், சிலரிடம் பணம் இருக்காது. மாத உதவித்தொகையில் சாப்பாட்டையே கணக்குப் பார்க்கும் பிள்ளைகள் நிறைய. வாசலில் ஒரு பெட்டி இருந்தே ஆக வேண்டும்.

நான் வாங்கியபோது மூன்றடுக்கு மாஸ்க் ஐம்பது கொண்ட பெட்டி எழுபது ராண்ட். நாற்பது பேர், வாரம் ஒரு வகுப்பு, பத்து வாரம்: எட்டுப் பெட்டி, 560 ராண்ட். பாதிப்புக்குள்ளாகக்கூடிய மாணவருக்கு மட்டும் எஃப்.எஃப்.பி.2 வகை. அது இருபது கொண்ட பெட்டி 280 ராண்ட். மொத்தம் 840 ராண்ட். இந்தத் தொகைக்கு மூன்று கொட்டேஷன் வாங்கும் வழிக்குப் போகாதீர்கள், வாரக்கணக்கில் ஆகும். துறையின் சில்லறைச் செலவுப் பணத்தில் (petty cash) முடியுமா என்று கேளுங்கள். முன்அனுமதி வாங்காமல் கைக்காசில் வாங்காதீர்கள். முதல் மூன்று பெட்டிகளை நான் அப்படி வாங்கினேன், பில் இருந்தும் பணம் திரும்பவில்லை. உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கு நிர்வாகம் தர வேண்டிய பொருளுக்காக உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது என்பது 85/1993 சட்டத்தின் 23-ஆவது பிரிவு. அது ஊழியருக்கு மட்டும். மாணவர்களுக்கான செலவைத் துறை மனது வைத்துத்தான் ஏற்க வேண்டும்.

எஃப்.எஃப்.பி.2 காற்றில் மிதக்கும் நுண்துகளில் குறைந்தது 94 சதவீதத்தைத் தடுக்கும், முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருந்தால். மூன்றடுக்கு மாஸ்க் பக்கவாட்டில் திறந்திருக்கும். அது போட்டவரைவிட எதிரில் இருப்பவருக்கே அதிகம் உதவும். அதனால்தான் நாற்பது பேருக்கு அது, அவருக்கு இது.

ஹார்டுவேர் கடைகளில் எஃப்.எஃப்.பி.2 மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால் கவனம் தேவை. முன்பக்கம் வட்டமாக ஒரு வால்வு இருந்தால் வாங்காதீர்கள். தூசி வேலைக்கான மாஸ்க் அது. உள்ளே இழுக்கும் காற்றை வடிகட்டும், வெளியே விடும் மூச்சை அப்படியே விட்டுவிடும். என் வகுப்பில் இருவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். விதியில் "வால்வு இல்லாதது" என்று நான் எழுதியிருக்கவில்லை. மாஸ்க்கின் மேலேயே ஈ.என். 149 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டர்பனின் கோடை ஈரம் தெரிந்ததுதான். பிப்ரவரி, மார்ச்சில் அரை மணியில் மாஸ்க் நனைந்துவிடும். அந்த மாதங்களில் ஆளுக்கு இரண்டு என்று கணக்குப் போடுங்கள்.

உங்களுக்கென்று ஒன்று: கழுத்தில் மாட்டும் சின்ன ஸ்பீக்கர் மைக். எனக்கு 450 ராண்ட் ஆனது. இந்தப் பிள்ளைகள் டர்பன் இந்தியர்களின் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியவர்கள், நம் ஊர் ஆங்கிலத்தை அல்ல. வாயசைவைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள். வாயை மூடிவிட்டால் பாடம் அவர்களுக்குப் போய்ச் சேராது, எரிச்சல் மாஸ்க் மேல் திரும்பும்.

6. முதல் வகுப்பு

எங்கள் துறை அலுவலகத்தில் டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆண்ட்டி இருக்கிறார். வீட்டில் தமிழ் பேச்சு நின்று இரண்டு தலைமுறை ஆகிறது. ஆனாலும் தைப்பூசக் காவடிக்கு ஆண்டுதோறும் விரதம் இருக்கிறார். நான் வகுப்புக்குள் நுழைந்ததும் "மாஸ்க், மாஸ்க்" என்று சொல்லிக்கொண்டே போவதை ஒருநாள் பார்த்துவிட்டார். "வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் வாங்க என்பாயா, செருப்பைக் கழற்று என்பாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இங்கே வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது பெரிய மரியாதைக் குறைவு. கடைக்காரரிடம்கூட முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நாம் நேராக விஷயத்துக்கு வந்து பழகியவர்கள், அது இவர்களுக்கு அதட்டலாகப் படுகிறது. கதவருகே நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லுங்கள். பலர் சேர்ந்து வந்தால் ஜூலு மொழியில் "சனிபோனானி". பிறகு பெட்டியை நீட்டி "ஙிசேலா" என்றால், தயவுசெய்து என்று பொருள். நடுவில் வரும் எழுத்தை, நாம் உச்சுக்கொட்டும்போது நாக்கு பல்லில் பட்டு எழும் ஓசையோடு சொல்ல வேண்டும். சரியாக வராவிட்டாலும் சொல்லுங்கள், அவர்களே திருத்துவார்கள். வாங்கிக்கொண்டதும் "ஙியாபோங்கா", நன்றி.

விதியை ஒரு நிமிடத்துக்கு மேல் விளக்காதீர்கள். துறையின் முடிவு, எந்தத் தேதி வரை, விலக்குக்கு எங்கே போவது. அவ்வளவுதான். "யாருக்காக?" என்று யாராவது கேட்டால், "அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்று சொல்லுங்கள். அப்போது கண்கூட அந்த மாணவர் பக்கம் போகக் கூடாது.

7. ஒருவர் மறுத்தால்

முதல் ஆண்டு, மூன்றாம் வாரம், ஒரு மாணவி போட மாட்டேன் என்றார். எல்லோர் முன்னாலும் ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வெளியே போகச் சொன்னேன். போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு ஆப்சென்ட் போட்டேன்.

அவர் புகார் கொடுத்தார், அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. அப்போது எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. வருகைப் பதிவில் கைவைத்தது அதைவிடப் பெரிய பிழை. இங்கே பரீட்சை எழுதும் தகுதியை டி.பி. என்பார்கள், போதிய வருகை இருந்தால்தான் அது கிடைக்கும். (காசநோயையும் நாம் டி.பி. என்போம், அதனால் நோயை இந்தக் கட்டுரையில் காசநோய் என்றே எழுதுகிறேன்.) மாஸ்க்குக்காக வருகையையோ மதிப்பெண்ணையோ தொடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. மாணவர் ஒழுங்கு நடவடிக்கை என்பது 1997-இன் உயர்கல்விச் சட்டப்படி பல்கலையின் சொந்த விதிகளுக்குள் நடக்க வேண்டிய தனி நடைமுறை.

இப்போது நான் செய்வது இது. வாசலிலேயே, மற்றவர் காதில் விழாதபடி, மாஸ்க்கை நீட்டுகிறேன். வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. "விலக்குக் கடிதம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்று வாங்க ஏற்பாடு செய்யட்டுமா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் இந்த இடத்தில் வழிக்கு வந்துவிடுவார்கள். அதற்கும் இல்லை என்றால் இரண்டு வழி சொல்கிறேன்: இதே பாடம் வியாழக்கிழமை வேறு குழுவுக்கு நடக்கிறது, அங்கே மாஸ்க் விதி இல்லை. அல்லது இன்றைய கணக்குகளை இணையத்தில் செய்து அனுப்பலாம். இரண்டுக்கும் வருகை உண்டு. இந்த மாற்று வழிகள் நான்காவது தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சலுகை காட்டுவதாக ஆகிவிடும்.

உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால்? கையைப் பிடிக்காதீர்கள், வழியை மறிக்காதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். எடுத்த எடுப்பில் செக்யூரிட்டியைக் கூப்பிடாதீர்கள். கேம்பஸ் போராட்டங்களில் காவலரோடு மோதிய அனுபவம் பல பிள்ளைகளுக்கு உண்டு. சீருடை உள்ளே நுழைந்தால் பேச்சு மாஸ்க்கைப் பற்றியதாக இருக்காது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த நாட்டில் தோல் நிறத்தைப் பார்த்து மனிதரை அறையிலிருந்து வெளியேற்றிய காலம் இவர்களுடைய பெற்றோரின் நினைவில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நாம் ஒரு கறுப்பின மாணவரைப் பார்த்து "வெளியே போ" என்பதற்கு, நாம் நினைக்காத எடை இருக்கிறது.

பாடத்தைத் தொடங்காமல் ஐந்து நிமிடம் அமைதியாக நில்லுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரே ஒரு மாஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிடுவார். அதுவும் நடக்காவிட்டால் அன்றைய வகுப்பை இணையத்துக்கு மாற்றிவிடுங்கள். பாதிப்புக்குள்ளாகக்கூடியவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு நடத்துவது எளிதாகத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், அவரைக் காப்பதற்குத்தான் இத்தனை தாளும். அன்று மாலைக்குள் துறைத் தலைவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், நீங்கள் சொன்ன சொற்கள், அவர் சொன்ன சொற்கள், மாணவர் எண். கருத்து வேண்டாம்.

8. விலக்கு உள்ளவர்கள், தேர்வுகள்

விலக்குக் கடிதத்தில் "விலக்கு உண்டு" என்ற வரியை மட்டும் பாருங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். விலக்கு பெற்றவரைத் திறந்த ஜன்னல் பக்கமும், பாதுகாப்புத் தேவைப்படுபவரை அறையின் எதிர்ப் பக்கமும் உட்காரவைக்க முடியுமா என்று முன்பே பார்த்துவையுங்கள்.

காது கேளாத மாணவர் இருந்தால் மாஸ்க் அவருக்குச் சுவர். தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 2023 ஜூலையில் நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆனது. மொழிபெயர்ப்பாளர் கேட்கத் தயங்க வேண்டாம். வாய்ப்பகுதி கண்ணாடிபோல் தெரியும் மாஸ்க் ஒன்று நான் 45 ராண்டுக்கு வாங்கினேன். பத்து நிமிடத்தில் ஆவி படிந்துவிட்டது. உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவித் துடைத்தால் ஓரளவு தாங்குகிறது.

டெஸ்ட் நாளில் மாஸ்க்குக்காக யாரையும் தடுக்காதீர்கள். மறுப்பவருக்கும் விலக்கு உள்ளவருக்கும் தனி அறை வேண்டும் என்று இரண்டு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள். மாணவர் அட்டையைச் சரிபார்க்க ஒரு கணம் மாஸ்க்கை இறக்கச் சொல்லலாம். நிகாப் அணியும் மாணவியர் டர்பனில் பலர் உண்டு. அவர்களைப் பெண் கண்காணிப்பாளர் ஒருவர் தனியாகச் சரிபார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

9. ஜன்னல்

மாஸ்க் மட்டும் போதாது, காற்று மாற வேண்டும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் குரங்கு வரும். டர்பனின் வெஸ்ட்வில் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுப் பையை மூடி மேசைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது மேலே உள்ள சின்ன ஜன்னல்களை மட்டும் திறங்கள். காற்று வெளியேற்றும் விசிறியை நம்பாதீர்கள், லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு வந்தால் முதலில் நிற்பது அதுதான். பாதுகாப்பு அலுவலகத்திடம் கார்பன் டையாக்சைடு மானி இருந்தால் ஒருநாள் கடன் கேளுங்கள். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். அளவில் இருக்கும். எங்கள் அறையில் ஜன்னல் மூடியபடி நாற்பது பேர் ஒரு மணி நேரம் இருந்த பிறகு 2,000-ஐத் தாண்டியது. எதிர் எதிர் ஜன்னல்களைத் திறந்ததும் கால் மணியில் 800-க்குக் கீழே வந்தது. அந்த இரண்டு எண்களையும் இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் சேர்த்தேன்.

10. முடியும் தேதி

விதியில் எழுதிய கடைசித் தேதி வந்ததும் அறிவிப்பைக் கழற்றிவிடுங்கள். நீட்டிக்க வேண்டும் என்றால் இரண்டு வாரம் முன்பே துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். தேதி கடந்த தாளை வைத்து ஒருவரை வாசலில் நிறுத்தினால், நீங்கள் 1-ஆம் படிக்கே திரும்பிவிடுவீர்கள்.

விலக்குக் கடிதங்களின் நகல் ஏதாவது உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால், மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகத்திடம் ஒப்படைத்துவிட்டு மின்னஞ்சலிலிருந்தும் அழித்துவிடுங்கள். மிச்சமான மாஸ்க் பெட்டிகளை ஜன்னலோர அலமாரியில் வைக்காதீர்கள், டர்பன் ஈரத்தில் ரப்பர் பட்டை இளகிவிடும். நான் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே அறை எண்ணும் மீதி எண்ணிக்கையும் எழுதி, துறை அலுவலகத்து ஆண்ட்டியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்து கேட்டு வரும் டியூட்டர் அவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.